சர்க்கரை நோயில் யாருடைய நரம்பு முதலில் கெடுகிறது, ஏன்?

கேள்வி இது: "பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.2, 7.4 என்றுதான் இருக்கிறது. ஆனாலும் ஆறு மாதமாக இரவானால் இரண்டு பாதமும் எரிகிறது, கால்விரல் நுனி மரத்துப்போகிறது. என்னைவிட அதிகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்? நரம்பு பாதிப்பு வருவதற்கான காரணங்கள் என்னென்ன?"

முதலில் அந்த "ஒன்றும் இல்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எரிச்சலோ குத்தலோ எதுவுமே தெரியாது. உணர்வு சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கும்போதோ, காலில் புண் வந்த பிறகோதான் விஷயம் வெளியே வரும். எரிச்சல் இருப்பவர் ஒரு வகையில் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர். ஆகவே "வலி இல்லை, அதனால் நரம்பு நன்றாக இருக்கிறது" என்பது பரிசோதிக்காமல் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.

காரணங்களைப் புரிந்துகொள்ள, நரம்பு எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தசைச் செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். நரம்புச் செல்லுக்கு அந்தக் கதவு இல்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ அவ்வளவும் நரம்புக்குள்ளும் ஏறும். உள்ளே தேவைக்கு மேல் சேர்ந்த சர்க்கரை சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெட்டிப்படுத்துகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சோர்வடையச் செய்கிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நரம்புக்கே உணவும் ஆக்ஸிஜனும் கொண்டுவரும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் உண்டு. அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடுகிறது. நரம்பு உள்ளிருந்து நஞ்சாலும் வெளியிலிருந்து பட்டினியாலும் அடிவாங்குகிறது. இந்த இரண்டாவது பக்கத்தை மனதில் வையுங்கள். ரத்த அழுத்தமும் புகையும் கொழுப்பும் இந்த வழியாகத்தான் வருகின்றன.

ஏன் எப்போதும் பாதத்தில் தொடங்குகிறது? கால் பெருவிரலின் தொடுஉணர்வைச் சுமக்கும் நரம்புச் செல்லின் உடல் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேலே உற்பத்தியாகிக் கீழே வந்து சேர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும், நரம்பிலும் அப்படியே. இரண்டு கால்களிலும் நீளம் ஒன்று என்பதால் இரண்டிலும் சேர்ந்தே தொடங்கும், காலுறை போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறும். ஏறக்குறைய முழங்காலை நெருங்கும் கட்டத்தில்தான் கைவிரல் நுனிகளில் மரப்பு ஆரம்பிக்கும். உயரமானவர்களுக்கு இந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கும் இதுவே காரணம்: இழை நீளம். உயரத்தைக் குறைக்க முடியாது. ஆனால் ஆறடி உயரமுள்ள ஒருவர் வருடாந்திரக் கால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது தெரிகிறது அல்லவா?

இனி காரணங்கள். முதலிடம் சந்தேகமில்லாமல் சர்க்கரை அளவுக்கும் அது நீடித்த காலத்துக்கும்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் பிரார் 4,400 நோயாளிகளைக் கால் நூற்றாண்டு காலம் பின்தொடர்ந்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்டறிந்தபோது நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு இருந்த நரம்பு பாதிப்பு, 25 வருடம் கழித்து ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 (உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) நோயாளிகளிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்வு, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் நரம்பு பாதிப்பு 60% குறைகிறது என்று காட்டியது. அங்கே ஒரு பிரிவின் சராசரி ஹெச்பிஏ1சி 7 அளவில், மற்றதன் சராசரி 9 அளவில் இருந்தது. அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் அவ்வளவு வேலை செய்தது.

இதே ஆய்வின் தொடர்ச்சியில் இன்னொன்று தெரிந்தது. ஆய்வு முடிந்து இரு பிரிவினரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்த பிறகும், முன்பு அதிகச் சர்க்கரையோடு இருந்தவர்களுக்கே பல வருடங்களுக்குப் பாதிப்பு கூடுதலாக வந்துகொண்டிருந்தது. உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை. இன்றைக்கு 7.2 என்பது கடந்த இரண்டு மூன்று மாதக் கதை மட்டுமே. அதற்கு முன்னால் ஐந்து வருடம் 9, 10 என்று இருந்திருந்தால், இன்றைய எரிச்சல் அந்த வருடங்களின் பாக்கி. டைப் 2வில் (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத, பெரும்பாலானோருக்கு வரும் வகை) கண்டறிவதற்கு முன்பே சில வருடங்கள் சர்க்கரை ஏறியிருப்பது சகஜம். பத்து வருட நோய் என்று சொல்பவருக்கு அது உண்மையில் பதினான்காகவும் இருக்கலாம். அதனால்தான் டைப் 2 என்றால் கண்டறிந்த அன்றே கால் நரம்பைச் சோதிக்கச் சொல்கிறார்கள். டைப் 1 என்றால் ஐந்து வருடத்துக்குப் பிறகு. அதன்பின் இருவருக்கும் வருடம் ஒருமுறை.

ஹெச்பிஏ1சி சில சமயம் பொய்யும் சொல்லும். இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலையிலும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைவாகக் காட்டலாம். வீட்டுக் கருவியில் சாப்பிட்ட பிறகு 250, 280 என்று அடிக்கடி வருகிறது, ஆனால் ஹெச்பிஏ1சி மட்டும் 6.8 என்றால், எண்ணைக் கொண்டாடாமல் ரத்த அணுக்கள் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். டைப் 1இல் சர்க்கரைக் கட்டுப்பாடு தரும் அளவு பாதுகாப்பு டைப் 2வில் கிடைப்பதில்லை. அங்கே பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. காரணம், டைப் 2 தனியாக வருவதில்லை. தொப்பை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று பரிவாரத்தோடு வருகிறது. சர்க்கரை மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, நான்கு ஓட்டை உள்ள பானையில் ஒன்றை மட்டும் அடைப்பது போன்றது.

இதற்கு நல்ல சான்று ஐரோப்பாவில் நடந்த யூரோடயாப் ஆய்வு. அதன் நரம்பு முடிவுகள் 2005இல் வெளியாயின. தொடக்கத்தில் நரம்பு பாதிப்பு இல்லாத 1,172 டைப் 1 நோயாளிகளை ஏழு வருடத்துக்குச் சற்று மேல் கவனித்தார்கள். நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகப் புதிதாக நரம்பு பாதிப்பு வந்தது. சர்க்கரை அளவையும் நோயின் காலத்தையும் கணக்கில் கழித்த பிறகும் நான்கு விஷயங்கள் தனியாக நின்றன: டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, உடல் எடை, புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம். இளவயது டைப் 1 நோயாளிகளிடமே இவ்வளவு என்றால், இந்த நான்கையும் சேர்த்துச் சுமக்கும் டைப் 2 நோயாளிக்குச் சொல்லவே வேண்டாம்.

டிரைகிளிசரைடு பற்றி ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் பலரும் "கெட்ட கொழுப்பு" என்ற எல்டிஎல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நரம்பு விஷயத்தில் 150க்கு மேல் நிற்கும் டிரைகிளிசரைடையும் பார்க்க வேண்டும். மதுவும், இனிப்பும், மாவுச்சத்து மிகுந்த உணவும் குறைந்தால் இது வேகமாக இறங்கும். இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான். சர்க்கரை நோய் வருவதற்கு முந்தைய எல்லைக்கோட்டு நிலையிலேயே சிலருக்குப் பாத எரிச்சல் தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் உணவும் நடைப்பயிற்சியும் ஒழுங்கானபோது தோலுக்குள் மெல்லிய நரம்பிழைகள் மறுபடி முளைத்ததைத் திசுப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். முன்னாலேயே பிடித்தால் நரம்பு திரும்பி வளரும் என்பதற்கு இது நம்பிக்கை தரும் செய்தி. முற்றிய பிறகு அவ்வளவு எளிதில்லை.

புகையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஏற்கனவே குறுகிய குழாயை ஒவ்வொரு சிகரெட்டும் மேலும் சுருக்குகிறது. ரத்த அழுத்தத்தைப் பொதுவாக 130/80க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். மது மட்டும் தனிக் கணக்கு: அது நரம்புக்கு நேரடியாகவும் நஞ்சு, தயமின் என்ற பி1 சத்தைக் குறைத்து மறைமுகமாகவும் நஞ்சு. சர்க்கரையும் தினசரி மதுவும் சேர்ந்தால் எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

அடுத்தது, என் பார்வையில் மிகவும் கவனிக்காமல் விடப்படுவது: மெட்ஃபார்மினும் பி12 குறைவும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கல்லீரலில் இந்தச் சத்து சில வருடங்களுக்குச் சேமிப்பில் இருப்பதால் குறைவு உடனே தெரியாது. நான்கைந்து வருடம் கழித்து, தினம் 1,500 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களிடம் மெல்லத் தலைகாட்டும். அதோடு நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் போடுபவர், அசைவமும் பாலும் தொடாதவர், வயதானவர் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும்.

பி12 குறைவால் வரும் கால் மரப்பும் எரிச்சலும் சர்க்கரையால் வருவதைப் போலவே இருக்கும். "பத்து வருடச் சர்க்கரை, நரம்பு பாதிப்புதான்" என்று எழுதி முடித்துவிட்டால், ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் கண்ணில் படாமலே போகும். ரத்தசோகை இல்லை என்பதால் பி12 சரியாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. ஃபோலிக் அமிலம் எடுப்பவரிடம் ரத்தம் நன்றாகவே இருக்கும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 200க்கும் 300க்கும் நடுவே என்றால் சந்தேகம். மீத்தைல் மலோனிக் அமிலப் பரிசோதனை தெளிவாக்கும். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் எண் உயர்ந்து குழப்பிவிடும். முதலில் பரிசோதனை, பிறகு ஊசி.

இதன் மறுபக்கமும் உண்டு. "நரம்புக்குச் சத்து" என்று தானாகவே வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றில் பி6 இருக்கும். அளவாக இருந்தால் நல்லது. தினம் 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போனால் அந்த பி6 சத்தே உணர்வு நரம்புகளைக் கெடுக்கக்கூடியது. மரப்புக்குப் போட்ட மாத்திரையால் மரப்பு கூடுகிறது, கூடியதால் இன்னொரு மாத்திரை சேர்கிறது. அட்டையின் பின்புறம் பைரிடாக்சின் என்ற பெயருக்கு எதிரே எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். இரண்டு மூன்று மாத்திரைகளில் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

பலரும் எதிர்பார்க்காத இன்னொரு காரணம், சர்க்கரையை மிக வேகமாக இறக்குவது. நீண்ட காலம் 11, 12 என்று இருந்த ஹெச்பிஏ1சியைப் பயந்துபோய் மூன்றே மாதத்தில் 7க்குக் கொண்டுவந்தால், சில வாரங்களில் தாங்கமுடியாத எரிச்சல் கிளம்பலாம். போர்வை உரசினாலே துடிக்கும் அளவுக்கு. 1933லேயே இன்சுலின் தொடங்கியவரிடம் இதைக் குறித்திருக்கிறார்கள். இன்சுலின்தான் குற்றவாளி என்று அப்போது நினைத்தார்கள். இன்று தெரிவது, மாத்திரையானாலும் கடும் உணவுக் கட்டுப்பாடானாலும் இறக்கத்தின் வேகம்தான் காரணம். மூன்று மாதத்துக்குள் இரண்டு முதல் மூன்று புள்ளி இறங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், நான்கு புள்ளிக்கு மேல் இறங்கியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேலாகவும் இது வரும் அபாயம் இருப்பதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சிலருக்குக் கண்ணின் விழித்திரையும் கூடவே மோசமாகும்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் சர்க்கரை ஏறியே இருக்கட்டும்" என்ற முடிவுக்குத் தயவுசெய்து வந்துவிடாதீர்கள். இறக்கத்தான் வேண்டும், படிப்படியாக. மிக உயரத்திலிருந்து தொடங்குபவர் மூன்று மாதத்துக்கு இரண்டு புள்ளிக்கு மிகாமல் இறங்கும்படி மருத்துவரோடு பேசித் திட்டமிடலாம். தொடங்குமுன் கண்ணையும் பார்த்துவிடலாம். மயக்க நிலை, கடும் தொற்று, கர்ப்பம் போன்ற அவசரங்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. வேகமாக இறக்கியபின் வலி வந்தவர்கள் பயந்து மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்ல அது தணியும்.

வயது, சிறுநீரகச் செயல்திறன் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. மருந்துகளில் காசநோய்க்கான ஐசோனியாசிட், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின், பேக்ளிடாக்செல் ஆகியவை முக்கியமானவை. சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சிகிச்சை தொடங்கும்போது, ஏற்கனவே கால் மரப்பு இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவதும் விழித்திரை பாதிப்பும் இருந்தால், அதே சிறு ரத்தக்குழாய் சேதம் நரம்பிலும் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே கேட்டவருக்கு என் நேரடிப் பதில்: 7.2 நல்ல எண்தான், அதை இன்னும் 6க்கு விரட்ட வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து முந்தைய வருடங்களின் எண்களைப் பாருங்கள். பி12, டிஎஸ்எச் (தைராய்டுக்கு), டிரைகிளிசரைடு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சிறுநீர் ஆல்புமின், முழு ரத்த அணுக்கள் ஆகிய இவ்வளவையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். போடும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் தானாக வாங்கியவை உட்பட, மருத்துவர் முன் வையுங்கள். எரிச்சலுக்கு டுலாக்செட்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவை தூங்க விடும். அவை வலியின் குரலைத் தணிக்குமே தவிர நரம்பைச் சரிசெய்யாது. இதயத் துடிப்புக் கோளாறோ பிராஸ்டேட் தொந்தரவோ உள்ள வயதானவர் அமிட்ரிப்டிலினுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனையில் பாதத்தைச் சோதிக்க 10 கிராம் நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும். வீட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. நோயாளி காலுறையைக் கழற்றிவிட்டு, கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வேறொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஒவ்வொன்றின் நுனியையும் ஒன்று இரண்டு நொடி தொட வேண்டும். இறகு படுவது போல. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. அழுத்தினால் ஆழத்தில் உள்ள வேறு நரம்பு பதில் சொல்லிவிடும், சோதனை வீணாகும். தொட்டது தெரிந்தால் அவர் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். "இப்போது தொட்டேனே, தெரிகிறதா?" என்று கேட்டு உதவக் கூடாது, தெரியாத விரலை இரண்டாம் தடவை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு குறைந்திருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்படிக் குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கல் தெரியாது. எரிச்சலுக்கு வெந்நீரில் காலை வைப்பதும் வெந்நீர்ப் பை ஒத்தடமும் தோலை வேகவைத்துவிடும். குளிக்கும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். காலணி பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக, விரல்கள் நெரியாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது, அமிலப் பட்டை ஒட்டுவது இரண்டும் வேண்டாம்.

பாதத்தில் மட்டுமல்ல, உள்ளுறுப்பு நரம்புகளிலும் இதே காரணங்கள் வேலை செய்கின்றன. ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் தானியங்கி நரம்புகள் தளர்ந்திருக்கலாம். சில மருந்துகளாலும் நீரிழப்பாலும்கூட இப்படி ஆகும். சர்க்கரை தாழும்போது வரவேண்டிய வியர்வையும் நடுக்கமும் வராமல் போவதும் இதில் சேர்ந்ததே. இப்படிப்பட்டவர் சர்க்கரையை மிக இறுக்கிப் பிடிப்பது ஆபத்து.

எல்லா மரப்பையும் சர்க்கரை தலையில் போட்டுவிடவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வருவது, மரப்பைவிட பலவீனம் முன்னால் நிற்பது, வாரக்கணக்கில் வேகமாக ஏறுவது, கையில் முதலில் தொடங்குவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு போவது ஆகிய இவற்றில் எது இருந்தாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஏற்கனவே மரத்த ஒரு பாதம் திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றதைவிடத் தொட்டால் சூடாக இருக்கிறது, வலி மட்டும் பெரிதாக இல்லை என்றால் அதைச் சுளுக்கு என்று நினைத்து நடக்காதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.